கழிப்பறைக்குப் பக்கத்து மேசை

நாங்கள் ஐந்து பேர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மலேசியாவின் பினாங்குத் தாவரவியல் பூங்காவில் சந்தித்து ஒரு சுற்று நடப்போம். பிறகு ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு வீடு திரும்புவோம். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்த 2022இல் தொடங்கிய பழக்கம் இது. எங்களில் மூத்தவர் ஆயர் ஈத்தாம் அக்கா, வயது 71. பணி ஓய்வு பெற்ற தாதி ஒருவர் இருக்கிறார்; அவரை இன்றும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறோம். கெலுகோரில் இருப்பவள் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருகிறவள் தையல்காரி, கணவர் இல்லை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு 66 வயது.

கடையில் எந்த மேசை காலியாக இருந்தாலும் பட்டர்வொர்த்காரி பின்பக்கத்துக் கடைசி மேசைக்குத்தான் போவாள். காற்று வராது, மின்விசிறியும் எட்டாது. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து தண்ணீர் தெறிக்கும். "இங்கே சத்தம் குறைவு" என்பாள். சத்தம் குறைவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் அந்த மேசை என்று ஒன்றரை வருடம் ஒருவரும் கேட்கவில்லை. அந்த மேசை கழிப்பறைக் கதவிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது.

தைப்பூசத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, தண்ணீர்மலைக்கு ஏறலாம் என்று அக்கா சொன்னார். மேலே பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படிகள். கூட்டம் சேருவதற்கு முன்னால் ஒரு நாள் மெதுவாக ஏறிக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று எல்லோரும் தலையாட்டினோம். பட்டர்வொர்த்காரி மட்டும் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டி வலி என்றாள். முட்டி வலிக்கிறவள் ஃபெரி இறங்கி, படகுத்துறையில் பஸ் பிடித்து, பூங்காவில் ஒரு சுற்று முழுதாக நடந்திருக்க மாட்டாள். மற்றவர்கள் ஏறட்டும் என்று நான் அவளோடு தங்கிவிட்டேன்.

வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நாலாக மடித்த ஒரு கைலி, ஒரு சின்னத் துண்டு, உள்ளாடை ஒன்று, பழைய செய்தித்தாள் இரண்டு தாள். "பஸ்ஸில் உட்கார்வதற்கு முன்னால் இருக்கையில் தாளைப் போட்டுக்கொள்வேன்" என்றாள். தும்மினால் சிறுநீர் கசிகிறது. இருமினாலும் சிரித்தாலும், படி ஏறும்போது உடலை உந்தினாலும் கசிகிறது. ஆறு வருடமாக இப்படி. ஃபெரியில் கால் வைப்பதற்கு முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாளாம். மகளிடம் சொன்னதில்லை, டாக்டரிடமும் சொன்னதில்லை. "வயதாகிவிட்டது அல்லவா, மூன்று பிள்ளை பெற்ற உடம்பு, இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் அவள் சம்மதத்தோடு மிஸ்ஸியிடம் சொன்னேன். மிஸ்ஸி சலித்துக்கொள்ளவில்லை, பரிதாபப்படவும் இல்லை. மருத்துவமனையில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். இருமும்போது மட்டுமா, அல்லது அவசரமாக வந்து கதவைத் திறப்பதற்குள் போய்விடுகிறதா? எரிச்சல் உண்டா? இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாய்? மலச்சிக்கல் உண்டா? இனிப்பு நீர் சோதித்துப் பார்த்தாயா? சிறுநீர்த் தொற்றும், இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோயும்கூட இதைக் கிளப்பிவிடும், அதனால் முதலில் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும் என்றார். தண்ணீரைக் குறைப்பது தவறான வைத்தியம் என்றும் சொன்னார். சிறுநீர் கெட்டியானால் பை எரிந்து இன்னும் அடிக்கடி வரத் தூண்டும். மலம் இறுகும். முக்கி முக்கியே கீழ்த்தசைகள் மேலும் தளரும். பினாங்கு வெயிலில் தலைச்சுற்றலும் சேர்ந்துகொள்ளும்.

அரசாங்க கிளினிக்கில் சோதித்தபோது தொற்று இல்லை, இனிப்பு நீரும் இல்லை. உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே கற்றுக்கொடுத்ததை அவள் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கும் கொஞ்சம் அந்தத் தொல்லை இருந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். சிறுநீர்ப் பையையும் கருப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குகிற தசைகள் ஒரு தூளி போல இருக்கின்றன. பிரசவம், மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றம், உடல் பருமன், ஓயாத இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து அந்தத் தூளியைத் தொய்ய வைத்துவிடும். பயிற்சி இதுதான்: சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை அப்படியே முன்பக்கம் கொண்டுவந்து மேலே இழுக்க வேண்டும். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சில விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறையாவது, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். தும்மல் வருகிறது என்று தெரிந்தவுடன் ஒரு முறை இறுக்கிக்கொண்டு பிறகு தும்மப் பழக வேண்டும். கழிப்பறையில் சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது; பை முழுதாகக் காலியாகாமல் போய்விடும்.

முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. இரண்டாம் மாதம் விட்டுவிடப் பார்த்தாள். மிஸ்ஸி தினமும் மாலை ஐந்து மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு பூ அனுப்புவார். மற்றவர்கள் பார்த்தால் சாதாரண வணக்கம்; எங்களுக்கு மட்டும் அது பயிற்சி நேரம். நான்காம் மாதம் அவள் இருக்கையில் தாள் போடாமல் பஸ்ஸில் வந்தாள். முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வேகமாக ஓடினால் இன்னும் கசிகிறது. ஆனால் தண்ணீர் குடிக்கிறாள், தே தாரிக் கூடக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள்.

"முதுமை நோய் அல்ல. ஆனால் நோய்க்கெல்லாம் முதுமை என்று பெயர் வைத்துவிடுகிறோம்" என்று மிஸ்ஸி சொன்னதை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் பிறகு எங்கள் மேசையில் "வயதாகிவிட்டது" என்று யாராவது ஆரம்பித்தால் "வயதா, வேறேதாவதா, பார்த்தாயிற்றா?" என்று இன்னொருவர் கேட்டுவிடுகிறோம்.

பட்டர்வொர்த்காரியின் கணவர் இறந்த கதையையும் அதன் பிறகுதான் எங்களிடம் சொன்னாள். ஒரு நாள் காலை கோப்பி குடிக்கும்போது வாயின் ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. பேச்சு கொழகொழவென்று வந்திருக்கிறது. வயதான அசதி, கொஞ்சம் படுக்கட்டும் என்று படுக்க வைத்திருக்கிறார்கள். மாலையில் கை தூக்க முடியவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. முகம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் படுக்க வைக்கக் கூடாது, 999ஐ அழைக்க வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னார். ரத்தக்கட்டி அடைத்ததால் வரும் பக்கவாதத்தில் அதைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எந்த மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துச் சொன்னால் டாக்டருக்குப் பெரிய உதவி. அவள் இதைக் கேட்டு அழுதாள். எங்களால் ஆறுதல் சொல்ல முடியவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இப்போது ஐந்து பேர் வீட்டிலும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் அந்த மூன்று அடையாளங்களும் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கும் தெரியும்.

அக்காவின் கால் விஷயம் வேறு விதமானது. அவருக்கு இருபது வருடமாக இனிப்பு நீர். அதை அவர் மறைத்ததே இல்லை. எதிர்மாறாக, பழகிப்போன விருந்தாளியைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார். "என் தாயாருக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது" என்பார். ஒரு சனிக்கிழமை பூங்காவில் நடந்து முடித்து சிலிப்பரைக் கழற்றினார். உள்ளங்கால் படுகிற இடத்தில் சிவப்பாக ஒரு கறை. நான்தான் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் கூழாங்கல் தைத்துத் தோல் கிழிந்திருந்தது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை. ஒரு மணி நேரம் அந்தக் கல்லின் மேல் நடந்திருக்கிறார். வலித்திருந்தால் முதல் பத்து எட்டிலேயே குனிந்து எடுத்திருப்பார்.

கிளினிக்குக்கு நான் கூடப் போனேன். டாக்டர் இளம் பெண். தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழை ஒன்றை ஒரு கைப்பிடியிலிருந்து நீட்டினார். அது வளைகிற வரை அழுத்தினால் பத்து கிராம் எடை தோலில் படுமாம். அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். "பட்டதும் 'ம்' என்று சொல்லுங்கள்." முதலில் கையில் தொட்டுக் காட்டினார். அக்கா உடனே "ம்" என்றார். பிறகு காலுக்குப் போனார். குதிகாலுக்கு மேலே "ம்". பாதத்தின் நடுவில் "ம்". பெருவிரல் நுனியில் இழை வளைந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலுக்குக் கீழே, கல் தைத்த அதே இடத்துக்கு அருகில், மறுபடி வளைந்தது. அறை அமைதியாக இருந்தது. அக்கா கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார், டாக்டர் இன்னும் தொடவில்லை என்று நினைத்துக்கொண்டு. அந்த நேரத்தில் எனக்கு உண்டான பயத்தை இப்போதும் விவரிக்க முடியவில்லை. கண்ணைத் திறந்ததும் "முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

இத்தனைக்கும் இந்த நாட்டில் இது அரிய நோய் அல்ல. 2023இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம் இந்தியக் குடும்பங்களில் அது இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் சீனியை மட்டும் கணக்குப் பார்க்கிறோம், காலைப் பார்ப்பதில்லை.

அன்றிலிருந்து அக்கா படுப்பதற்கு முன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், விரலிடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று கவனிக்கிறார். வீட்டுக்குள்ளும் சிலிப்பர். காலணிக்குள் கால் விடும் முன் கையை விட்டுத் தடவிப் பார்க்கிறார். சூட்டு ஒத்தடம் கூடாது, சுடுநீரின் பதத்தைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கண்ணின் பின்திரையைப் படம் எடுக்க வேண்டும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கோவிலில் வெறுங்காலோடு நடப்பதுதான் பெரிய சிக்கல். வெயில் ஏறிய சிமெண்டுத் தரை, உணர்வில்லாத பாதத்தை நிமிடத்தில் பொசுக்கிவிடும். அக்கா முருக பக்தை. முதலில் மறுத்தார். பிறகு டாக்டர் சொன்னபடி தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் வருகிறார். "அவன் என் காலைப் பார்த்தா அருள் செய்கிறான்?" என்று அவரே சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது.

கெலுகோர் தோழிக்கு இடுப்பு வலி. போன வருடம் ஒரு சனிக்கிழமை எழுந்து நிற்கவே சிரமப்பட்டாள். எனக்கு முட்டிக்காகத் தனியார் கிளினிக்கில் கொடுத்த டைக்ளோஃபெனாக் மாத்திரை கைப்பையில் மிச்சம் இருந்தது. பத்து மாத்திரை கொண்ட ஒரு முழு அட்டை. எனக்கு நன்றாகக் கேட்டது, நீயும் போட்டுப் பார் என்று கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு போடு என்று அக்கறையாகச் சொல்லியும் அனுப்பினேன். நாளைக்கு இரண்டாக ஐந்து நாள் போட்டாள். வலி குறைந்தது என்று நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்தபோது, சிலிப்பரின் வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்து, இரு பக்கமும் கால் மாவு போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. மிஸ்ஸி பசியாற விடாமல் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அவளுக்கு ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரிலும், நீர் பிரிய ஒரு மாத்திரையும் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தன. மிஸ்ஸி எனக்குப் பின்னர் விளக்கினார். சிறுநீரக வடிகட்டிக்கு ரத்தம் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. நான் கொடுத்த வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. பெரிண்டோபிரில் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. நீர் மாத்திரை ரத்தத்தில் உள்ள தண்ணீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. சிறுநீரகம் வேலை செய்ய முடியாமல் திணறுகிறது. தனித்தனியாக ஒவ்வொன்றும் நல்ல மருந்துதான்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. இரண்டு வருடத்துக்கு முன்பே டாக்டர் அவளிடம் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாராம். எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கோபமாகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கட்டிலில் சாய்ந்தபடி, "சொன்னால் என்னை நோயாளியாகத்தான் பார்ப்பீர்கள். வீட்டில் என் பிள்ளைகள் அப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சனிக்கிழமை ஒரு நாளாவது நான் நானாக இருக்க வேண்டும்" என்றாள்.

நான் கொடுத்தது அன்பினால்தான். ஆனால் அந்த அன்புக்கு அவள் சிறுநீரகம் விலை கொடுத்தது. நிறுத்திய பிறகு வீக்கம் வடிந்தது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது, அது சில வாரங்களில் இறங்கியது. பழைய இடத்துக்கு மட்டும் திரும்பவில்லை. அந்த வித்தியாசம் என் கணக்கில் இருக்கிறது. யார் என்ன சமாதானம் சொன்னாலும் அதை நான் வேறு யார் தலையிலும் வைக்க மாட்டேன்.

அதனால் ஒரு மாத்திரையும் இப்போது எங்கள் மேசையைத் தாண்டிக் கை மாறுவதில்லை. தலைவலி என்றால்கூட "உனக்கு என்னென்ன மருந்து போகிறது?" என்ற கேள்விதான் முதலில் வரும். வலிக்கு மாத்திரை வாங்கும்போது மருந்தாளரிடம் சிறுநீரகம், ரத்தக் கொதிப்பு, வயிற்றுப் புண் மூன்றையும் சொல்லிவிட்டு வாங்குகிறோம். சந்தையில் முட்டி வலிக்கு என்று விற்கும் ஜாமு எனும் நாட்டு மருந்து, கேப்சூல், தூள் எதையும் தொடுவதில்லை. மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். பதிவு பெற்ற மருந்தென்றால் மேலே எம்ஏஎல் என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் ஒட்டுவில்லையும் இருக்கும். ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டுவிட்டவர்கள் தாங்களாகத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில வாரம் எங்கள் பேச்சு தடுமாறியது. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பேசினோம். அக்காதான் அதை உடைத்தார். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். "என் அம்மா விடியுமுன் பால்மரத்துக்குப் போவார். ஐம்பது வயது இருக்கும்போதே அவரைக் கிழவி என்றோம். கால் புண் ஆறாமல் இறந்தார். அவர் பிறந்த தேதிகூடச் சரியாக யாருக்கும் தெரியாது. நான் இப்போது அவரைவிட மூத்தவள். அம்மா பார்க்காத வயதில் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன்" என்றார்.

கெலுகோர் தோழி அதற்கு உடனே ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் சோதித்துச் சோதித்து நாளைக் கழிப்பதும் ஒரு வாழ்வா என்று கேட்டாள். தெரிந்துகொண்டால் பயம்தான் வருகிறது, பயத்தோடு பத்து வருடம் இருப்பதைவிடத் தெரியாமல் ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள். எங்களிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. இன்றும் எனக்கு அவள் சொன்னது முழுதும் தவறு என்று தோன்றவில்லை. பட்டர்வொர்த்காரி மட்டும், "நான் ஆறு வருடம் தெரியாமல்தான் இருந்தேன். நிம்மதியாக இல்லை, செய்தித்தாளின் மேல் உட்கார்ந்திருந்தேன்" என்றாள். அத்தோடு அன்றைய பேச்சு நின்றது.

அதிலிருந்து பிறந்ததுதான் நோட்டு. ஆளுக்கொரு சின்ன நோட்டு, கைப்பையில் அடங்கும் அளவு. முதல் பக்கத்தில் நோய்கள், மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று எழுதியிருக்கும். மற்ற பக்கங்களில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதில் பாதியை நாம் சளி, அசதி என்று சுற்றி வளைத்துப் பேசிப் போக்கிவிட்டு, எழுந்து கதவுப் பிடியில் கை வைக்கும்போது "இன்னொன்று டாக்டர்…" என்று ஆரம்பிக்கிறோம். அந்த இன்னொன்றுதான் நாம் வந்த காரணம். ஆகவே சொல்ல எது மிகவும் கூச்சமாக இருக்கிறதோ அதை முதல் வரியில் எழுத வேண்டும், உட்கார்ந்ததும் அதையே முதலில் படிக்க வேண்டும். வாய் வராவிட்டால் நோட்டை நீட்டிவிடலாம்.

எனக்கே இது உதவியது. இரவில் எழுந்தபோது கண் இருண்டு, குளியலறையில் விழப் போய்க் குழாயைப் பிடித்துத் தப்பினேன். அதையும் வயதின் கணக்கில்தான் எழுதியிருப்பேன். மிஸ்ஸி வீட்டுக்கு வந்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து ரத்தக் கொதிப்பை அளந்தார். மேலே உள்ள எண் 138. நான் எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் மறுபடி அளந்தார், 112. நிற்கும்போது இருபதுக்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார். நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டினேன். டாக்டர் மாத்திரையை மாற்றினார். இப்போது எழுந்தால் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்து, கணுக்காலைப் பத்துத் தடவை ஆட்டிவிட்டுத்தான் நிற்கிறேன். குளியலறையில் கைப்பிடி பொருத்தியாயிற்று. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்கிறேன்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் அதற்குப் பயந்தே போகாமல் இருக்கிறார்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). 60 வயதைக் கடந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2020இலிருந்து அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை இருக்கிறது. பதிவு செய்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். தையல் வேலையில் நாள் கூலி போய்விடுமே என்று பயந்த பட்டர்வொர்த்காரி, வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு கிளினிக்கில்தான் அதைச் செய்துகொண்டாள்.

இன்னொரு பழக்கத்தையும் வைத்துக்கொண்டோம். மேசையில் சொன்னது வீட்டுக்குப் போகாது, மருமகளிடம் போகாது, புலனக் குழுவுக்கு நிச்சயம் போகாது. இதை எழுதுவதற்குக்கூட நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நலம் விசாரிப்பது முதல் அரை மணி நேரம் மட்டும். அதற்கு மேல் நோயைப் பற்றிப் பேசினால் அக்கா கையைத் தட்டி நிறுத்திவிடுவார். அப்புறம் பாட்டு, பேரப்பிள்ளைகள், அக்காவின் மீன் குழம்பு. கெலுகோர் தோழி கேட்ட அந்த "நான் நானாக இருக்கும்" நேரத்தை அவளுக்குக் கொடுக்க எங்களால் முடிந்தது இவ்வளவுதான்.

போன செவ்வாய்க்கிழமை அவளுக்கு ரத்தச் சோதனை முடிவு வாங்கும் நாள். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன், வா என்றாள். மாத்திரைச் சம்பவத்துக்குப் பிறகு அவளாக என்னை அழைத்தது அதுவே முதல் முறை. காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முதல் வரியில், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், "என் சிறுநீரகம் எந்தப் படியில் இருக்கிறது? ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே எதுவும் இல்லை. அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். நோட்டை மூடாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.